வைஃபை பெட்டிக்குள் ஒருத்தி

என் மாமனாருக்காகச் செஞ்சியில் ஒரு பெண் தனியாகக் காத்திருக்கிறாள் என்ற செய்தியை என் மாமியாருக்கு முதன்முதலில் அறிவித்தவர் என் மாமனார்தான். அதுவும் உரத்த குரலில், நிறுத்தி நிதானமாக.

அவர் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நெரிசலில் படிக்கட்டிலிருந்து கடைசி சீட்டு வரை போய்ச் சேர்ந்த அந்தக் குரல், ஓய்வுக்குப் பிறகு வேறு போக்கிடம் இல்லாமல் எங்கள் கூடத்துக்குள் அடைபட்டுக் கிடந்தது. அதனால் காலையில் காபி ஆனதும் செல்போனில் செய்தியைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவார். மாமியார் அரிவாள்மணையில் காய் நறுக்க, இவர் படிப்பார். தலைப்பு, செய்தி, நடுவில் வரும் விளம்பரம், கடைசியில் யார் யாரோ எழுதியிருக்கும் வசவு எல்லாம் உண்டு. ஒரு வரியை விட்டால் ஒரு டிக்கெட்டை விட்ட மாதிரி அவருக்கு.

அன்று கத்தரிக்காய். ஏரி தூர்வாருவது பற்றிய செய்தியைப் பாதி படித்திருந்தார். மீதிக்காகத் திரையைத் தள்ளினார். திரை வேறெங்கோ போனது. அவர் நிறுத்தவில்லை.

“செஞ்சியில், உங்கள் வீட்டுக்கு மிக அருகில், தனிமையில் வாடும் அழகிய பெண், உங்களுக்காக இன்று...”

‘இன்று’ என்ற இடத்தில்தான் குரல் பிரேக் பிடித்தது. அதற்குள் செல்போனே மீதியைச் சொல்ல ஆரம்பித்துவிட்டது. ஒரு பெண் சிரித்தாள். அரிவாள்மணைச் சத்தம் நின்றது.

“யாரு அது?” என்றார் மாமியார்.

“யாரோ. தானா வந்துச்சு.”

“தானா வருமா? எனக்கு ஏன் வரல?”

மாமியாரிடம் இருந்தது பட்டன் போன். அதில் யாரும் தானாக வரமுடியாது, கூப்பிட்டாலே பாதிப் பேர் கிடைக்கமாட்டார்கள். இதை மாமனார் எடுத்துச் சொல்லப் பார்த்தார். அது இன்னும் தப்பாகப் போனது. “ஓஹோ, அதுக்குத்தான் எனக்கு மட்டும் பட்டன் போனு வாங்கிக் குடுத்தீங்களா?” என்று கேட்டுவிட்டு, பாதி நறுக்கிய கத்தரிக்காயை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார்.

பக்கத்து அறையில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்த எனக்கு, இது எங்கிருந்து வந்தது என்று ஓரளவு தெரியும். பல நாட்களாக அதைத்தான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். மருமகள் சொல்வதை உடனே கேட்டுவிட்டால் குடும்பத்துக்கு என்ன மரியாதை?

நான் வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்கிறேன். கண்காணாத தேசத்தில் யாராவது வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டால் அந்த முறிவுக்கு உரிய குறியீட்டு எண்ணைப் பில்லில் போடுவது என் உத்தியோகம். ஆஸ்பத்திரிக் கணக்கு என்பதால் ரகசியம், பாதுகாப்பு என்று ஆபீஸில் அடிக்கடி மிரட்டிக் கடிதம் அனுப்புவார்கள். எல்லாரையும்போல நானும் அவற்றைத் திறந்து, மூடி, ‘படித்துவிட்டேன்’ என்று ஒப்புக்கொள்வேன். அந்த முறை வந்த கடிதம் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. வீடுகளில் இருக்கும் சில வகை ரவுட்டர்களில், அதாவது வைஃபை பெட்டிகளில், உள்ளே இருந்து அதை ஓட்டும் மென்பொருளில் மோசமான ஓட்டை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அந்த ஓட்டை வழியாக, பாஸ்வேர்டே தெரியாத யாரோ எங்கிருந்தோ உள்ளே வந்து, வீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்து எதையும் மாற்றிக்கொள்ளலாம். தயாரித்தவர்களே ஓட்டையை அடைத்துப் புது மென்பொருள் வெளியிட்டிருக்கிறார்கள். உடனே ஏற்றிக்கொள்ளுங்கள். கீழே எந்தெந்த மாடல் என்று போட்டிருந்தது.

எங்கள் பெட்டி ஃபிரிட்ஜுக்கு மேலே சுவரில் இருந்தது. கேபிள்காரர் அதை மாட்டிவிட்டு இறங்கும்போது, “யாரும் தொடாதீங்க, தொட்டா போய்டும்” என்று ஒரே ஒரு உபதேசம் செய்திருந்தார். எங்கள் வீட்டில் டாக்டர் சொன்ன உப்பைக் குறைக்கவில்லை, வக்கீல் சொன்ன பத்திரத்தைப் பதியவில்லை, கேபிள்காரர் சொன்னதை மட்டும் எல்லாரும் ஒழுக்கமாகக் கடைப்பிடித்தோம். மாமியார் தூசு படக்கூடாதென்று பூப்போட்ட உறை ஒன்று தைத்துப் போட்டிருந்தார். அந்த உறையை விலக்கி, ஸ்டூல் போட்டு ஏறி, பெட்டியின் அடியில் எழுதியிருந்ததைப் படித்தேன். கடிதத்தில் இருந்த அதே மாடல். எங்கள் வீட்டுப் பொருள் ஒன்று உலக அளவில் பேசப்பட்டது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். அவருக்குப் பக்கத்து ஊரான அனந்தபுரத்தில் விதை, பூச்சிமருந்துக் கடை. எந்தச் செடியில் எந்தப் பூச்சி எந்த ஓட்டை வழியாக நுழையும் என்று விவசாயிகளுக்கு விளக்கமாகச் சொல்லக்கூடியவர்.

“உள்ள வந்து இன்னாத்த எடுத்துக்கினு போயிடப் போறான்?” என்றார். “என் கடை போட்டோ இருக்குது, உங்க அக்கா வளைகாப்பு வீடியோ இருக்குது. பாத்துட்டுப் போவட்டும்.”

“பேங்க் ஆப்பு இருக்குது.”

“அதுல பேலன்ஸ பாத்தான்னா அவனே பாவப்பட்டுப் போயிடுவான்.”

சரி, நானே ஏற்றிவிடலாம் என்று பெட்டியின் உள்பக்கத்துக்குப் போகப் பார்த்தேன். பாஸ்வேர்டு கேட்டது. அது கேபிள்காரரிடம் இருந்தது. போன் செய்தேன்.

“அக்கா, வைஃபை வருதா?” என்றார்.

“வருது. ஆனா பெட்டியில ஒரு ஓட்ட இருக்குதாம். அப்டேட் பண்ணணும். பாஸ்வேர்டு குடுங்க.”

“ஓட்டையா? குரங்கு கடிச்சிருக்கும்கா. ஒயரு மாத்தித் தரேன்.”

எங்கள் ஊரில் கோட்டையிலிருந்து இறங்கிவரும் குரங்குகள் கேபிளைக் கடிப்பது உண்மைதான். ஆனால் கேபிள்காரரைப் பொறுத்தவரை மழை, இடி, பில் கட்டாத வாடிக்கையாளர், அவருடைய சொந்தச் சோம்பல் எல்லாவற்றுக்குமே குரங்குதான் பொறுப்பு. இது ஒயர் இல்லை, உள்ளே இருக்கும் மென்பொருள் என்று விளக்கினேன்.

“அதெல்லாம் சென்னைல இருக்கறவங்களுக்கு வர பிரச்சனக்கா. செஞ்சில யாரு வந்து ஹேக் பண்ணப் போறாங்க? பாஸ்வேர்டெல்லாம் வெளிய குடுக்கறதில்ல, பாருங்க, அது செக்யூரிட்டி.”

செக்யூரிட்டி என்றதும் நான் போனை வைத்துவிட்டேன்.

இதற்கு அடுத்த வாரம்தான் கத்தரிக்காய் சம்பவம்.

முதல் நாள் விசாரணை எங்கள் வீட்டுக்குள் மட்டும் நடந்தது. மாமியார் அந்த விளம்பரத்தில் ஒரே ஒரு சொற்றொடரைப் பிடித்துக்கொண்டார். “உங்கள் வீட்டுக்கு மிக அருகில்னு படிச்சாரே. நம்ம வீட்டுக்குப் பக்கத்துல யாரு இருக்கா?” என்று என்னிடம் கேட்டார். இடதுபுறம் பூட்டிக் கிடக்கும் வீடு. எதிரே ரேஷன் கடை. வலதுபுறம் ஒரு டெய்லரம்மா, வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். “தனிமையில” என்று மாமியார் மெதுவாகச் சொல்லிக்கொண்டார். அன்று மதியமே போய், தைக்கக் கொடுத்திருந்த ஜாக்கெட் துணியைத் திருப்பி வாங்கி வந்துவிட்டார். ஒரு கை வெட்டியாகியிருந்தது. காரணம் தெரியாத அந்த டெய்லரம்மா, “அளவு எதுனா தப்பா எடுத்துட்டனா?” என்று என்னிடம் கேட்டபோது, மென்பொருள் ஓட்டையை எங்கிருந்து சொல்ல ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மாமனார் தன் சர்வீஸைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்.

“இத்தன வருசம் பொம்பளைங்க சீட்டு பக்கம் நின்னு டிக்கெட் கிழிச்சிருக்கேன். ஒருத்தி என் மேல கம்ப்ளெய்ன்ட் குடுத்திருக்காளா?”

“கம்ப்ளெய்ன்ட் குடுக்காதவதான் இப்ப காத்துக்கினு இருக்கா போல.”

அதன்பிறகு மாமியார் அவரோடு நேரடியாகப் பேசுவதை நிறுத்திக்கொண்டார். எல்லாம் என் வழியாகப் போய் வந்தது. “ஏம்மா, அந்த மனுசன சாப்ட வரச் சொல்லு.” “எனக்கு வாணாம்னு சொல்லும்மா.” “வாணாம்னா போவட்டும், அவ செஞ்சி போடுவா.” இரண்டு பேரும் ஒரே கூடத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் திரும்பச் சொல்லும்வரை காத்திருந்தார்கள்.

நான் இரண்டு பேரிடமும் தனித்தனியாக விஷயத்தை விளக்கினேன். மாமா எதையும் தேடிப் போகவில்லை, யாரோ பெட்டிக்குள் புகுந்து வழியை மாற்றிவிட்டிருக்கிறார்கள், நாம் செய்திக்குப் போனால் அவர்கள் வேறிடத்துக்குத் திருப்பிவிடுகிறார்கள் என்றேன். மாமியார் கவனமாகக் கேட்டார்.

“நீ நல்ல பொண்ணும்மா. மாமனார உட்டுக் குடுக்க மாட்ட” என்றார்.

மாமனார் வேட்டியை மாற்றிக்கொண்டு பஸ் ஏறி சிங்கவரம் போனார். அங்கே மலைமேல் இருக்கும் பெருமாள் சன்னதியில் நின்று, நான் எந்தப் பாவமும் அறியேன் என்று சத்தியம் செய்துவிட்டு, துளசியோடு திரும்பி வந்தார். “கேட்டுப் பாரு, பெருமாள் மேல ஆணையா சொல்லிட்டு வந்திருக்கேன்” என்று என்னைப் பார்த்துச் சொன்னார், மாமியாருக்காக.

சிங்கவரத்துப் பெருமாள் பள்ளிகொண்ட பெருமாள். மாமியார் என்னைப் பார்த்தே பதில் சொன்னார். “அவரே படுத்துக்கினு இருக்காரு. ஊர்ல எவன் எங்க போறான்னு அவருக்கு இன்னா தெரியும்?”

அந்த நாட்களில் மாமனார் செல்போனைத் தொடவே இல்லை. அது அலமாரியில் சார்ஜ் இறங்கிச் செத்துக் கிடந்தது. காலையில் காபி குடித்துவிட்டுக் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார். வாசலில் பஸ் ஹாரன் கேட்டால் தலை மட்டும் திரும்பும். எனக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது. குரல் இல்லாத வீட்டில் அரிவாள்மணைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, அதுவும் தேவைக்கு அதிகமான வேகத்தில்.

கடைசியில் மாமியார் தளவானூரிலிருந்து தன் அண்ணனை வரவழைத்தார். அவர் விவசாயி. அவர்கள் பக்கத்தில் எந்தக் குடும்பத் தகராறுக்கும் அவர்தான் தீர்ப்பு. ஒரு பை நிறைய மல்லாட்டையோடு, அதாவது வேர்க்கடலையோடு, வந்து இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் என் கணவரும் வீட்டில் இருந்தார். மல்லாட்டையை அவித்துத் தட்டில் வைத்தேன். எல்லாரும் உரித்துத் தின்றபடி பஞ்சாயத்தைத் தொடங்கினோம்.

“மச்சான், புள்ளைக்குக் கட்டி வெச்சி, பேத்தி எடுக்கற வயசு” என்று ஆரம்பித்தார் பெரியவர். “இந்த வயசுல மனசு அலையும். நான் இல்லேங்கல. ஆனா அடக்கணும். என்னயே எடுத்துக்குங்க. காலைல எழுந்தா வயலு, சாயங்காலம் ஆனா கோயிலு. செல்லுல நான் பாக்கறது ஒண்ணே ஒண்ணுதான், மல்லாட்ட விலை.”

மாமனார் ஒரு காயை உரித்து, பருப்பைத் தின்னாமல் தட்டிலேயே வைத்தார்.

“எங்கண்ணனப் பாத்துக் கத்துக்கச் சொல்லும்மா” என்றார் மாமியார் என்னிடம்.

அண்ணனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. விலை பார்ப்பது எப்படி என்று அங்கேயே காட்டிவிடலாம் என்று போனை எடுத்தார். டவர் சரியில்லை என்றார். என் கணவரே அவருடைய போனில் வீட்டு வைஃபையைப் போட்டுக் கொடுத்தார். பெரியவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு, விலைப் பக்கத்தைத் திறந்து, எல்லாருக்கும் தெரியும்படி போனைத் தூக்கிப் பிடித்தார்.

அவள் வந்துவிட்டாள். அதே சிரிப்பு. செஞ்சியில், உங்கள் வீட்டுக்கு மிக அருகில்.

பெரியவர் போனைத் தரையில் வைத்துவிட்டு, அது ஏதோ ஊர்ந்து வந்ததுபோலக் காலை மடக்கிக்கொண்டார். என் மாமனார் வெகுநாட்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பும் ரேஷன் கடை வரை கேட்டிருக்கும்.

மாமியார் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். “நீயுமா?” என்றார்.

“எம்மா, ஆணையா இல்லம்மா. நான் மல்லாட்ட விலதான்...”

“அவரு ஏரி தூர் வாரறத படிச்சாரு. நீ மல்லாட்ட வில பாக்கற. ரெண்டு பேரும் சொல்லி வெச்சிக்கினு பண்றீங்களா?”

இனி விட்டால் அவர் அண்ணன் தரப்பையும் கைகழுவிவிடுவார் என்று பட்டது. நான் தரையிலிருந்து போனை எடுத்தேன். “அத்த, இங்க பாருங்க” என்று வைஃபையை அணைத்துவிட்டு, போனைத் தூக்கிக்கொண்டு டவர் கிடைக்கும் ஜன்னலோரம் போய், அதே பக்கத்தை போனின் சொந்த நெட்டில் திறந்தேன். மல்லாட்டை விலை வந்தது. அவள் வரவில்லை. மறுபடி வைஃபையைப் போட்டேன். வந்தாள். அணைத்தேன். போனாள். மாமனாரின் செத்துக் கிடந்த போனைச் சார்ஜில் போட்டு உயிர்ப்பித்து அதிலும் செய்து காட்டினேன். வைஃபை இருந்தால் இருக்கிறாள், இல்லையென்றால் இல்லை. என் மடிக்கணினியில் மட்டும் ஏன் வரவில்லை என்றால், ஆபீஸ் அதற்கென்று தனியாக ஒரு பூட்டிய பாதை போட்டுக் கொடுத்திருக்கிறது, அந்தப் பெட்டியை நம்பி அது போவதில்லை.

“எனக்கும் வந்துச்சு” என்றார் என் கணவர், மல்லாட்டையைப் பார்த்துக்கொண்டே.

“எப்போ?”

“போன வாரம். நைனாவுக்கு வந்ததுக்கு முந்தின நாளே.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா நீ நம்பியிருப்பியா?”

சொந்தத் தகப்பனார் கூடத்தில் சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது, இந்த மனிதர் அந்த ரகசியத்தைக் கடைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்திருக்கிறார். நம்பியிருப்பேனா என்ற கேள்வியை ராத்திரிக்குத் தள்ளிவைத்தேன். அங்கே பெரியவர்கள் இருந்தார்கள்.

மாமியார் எழுந்தார். ஃபிரிட்ஜ் முன்னால் போய் நின்று பெட்டியை நிமிர்ந்து பார்த்தார்.

“அப்ப இவ இதுக்குள்ளதான் இருக்காளா?”

“ஆமாத்த. அந்த மாதிரிதான்.”

“மூணு ஆம்பளைங்களையும் இதே கூப்ட்டிருக்குது” என்று சொல்லிவிட்டு, உறையை உருவி, ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி என் கையில் கொடுத்துவிட்டார். பாதுகாப்பு நிபுணர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருந்ததில் முதல் வேலையை அவர் ஒரு நொடியில் முடித்துவிட்டார். பெரியவர் சாப்பிட்டுவிட்டுப் போகும்படி நாங்கள் சொன்னதற்கும் நிற்காமல், தளவானூர் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார்.

நெட் இல்லாவிட்டால் எனக்கு வேலை இல்லை. ஆபீஸில் விடுப்புச் சொல்லிவிட்டு மறுநாள் காலையில் கேபிள்காரரைக் கூப்பிட்டேன். இந்த முறை பேசியது மாமனார். அந்தக் குரலுக்கு அவர் உடனே வந்தார்.

“யாரு பொட்டிய கழட்டுனது? தொடக்கூடாதுன்னு சொன்னன்ல?” என்று கேட்டுக்கொண்டே நுழைந்தவர், மாமியாரின் முகத்தைப் பார்த்ததும் செருப்பைச் சரியாக ஜோடி சேர்த்து விட்டுவிட்டு வந்தார். என் கணவரின் பழைய லேப்டாப்பில் பெட்டியின் உள்பக்கத்தைத் திறந்து, எங்களுக்குத் தெரியாதபடி உடம்பால் மறைத்துக்கொண்டு, தன் ரகசிய பாஸ்வேர்டை அடித்தார். தப்பு என்றது. மறுபடி அடித்தார். தப்பு. மூன்றாவது தடவை மறைக்கக்கூட மறந்துவிட்டார். ஊரில் உள்ள எல்லாருக்கும் தெரிந்திருக்கக்கூடிய, ஒன்று இரண்டு என்று போகும் எண்கள்தான் அந்தப் பாதுகாப்பு.

“போவ மாட்டேங்குதே” என்றார்.

“உள்ள வந்தவங்க பாஸ்வேர்ட மாத்திட்டாங்கண்ணா” என்றேன். “இல்ல, குரங்கு மாத்தியிருக்குமா?”

அவர் முதன்முதலாக அந்தப் பெட்டியைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

பெட்டியின் பின்னால் ஊசி நுழையும் அளவில் ஒரு துளை இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்தால் பெட்டி கடையில் வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படி ஆகிவிடும். உள்ளே வந்தவர்கள் மாற்றியதெல்லாம் போய்விடும். அழுத்த ஏதாவது வேண்டும் என்றேன். மாமியார் கழுத்துச் சங்கிலியில் கோத்திருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றி நீட்டினார். “நல்லா அழுத்தும்மா” என்றார். அழுத்தினேன். விளக்கெல்லாம் அணைந்து, கொஞ்சம் யோசித்து, ஒவ்வொன்றாக எரிந்தன.

ஆனால் ஓட்டை அப்படியே இருக்கும். புது மென்பொருளை ஏற்றாவிட்டால் வந்தவர்கள் திரும்ப வருவார்கள். தயாரித்தவர்களின் தளத்துக்கு என் போனின் நெட்டில் போய், எங்கள் மாடலுக்கு உரியதுதானா என்று திரும்பத் திரும்பப் பார்த்து இறக்கிவைத்திருந்தேன். ஏற்றப்போகும்போது திரையில் சிவப்பில் ஒரு எச்சரிக்கை வந்தது. இது முடியும்வரை எக்காரணம் கொண்டும் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டாம், துண்டித்தால் கருவி பயனற்றுப் போகும். எழுதியவர் எங்கள் ஊர்ப் பக்கம் வந்ததில்லை என்று தெரிந்தது.

இன்வெர்ட்டர் இணைப்பு படுக்கையறையில் மட்டும்தான். பெட்டியை அங்கே கொண்டுபோய்க் கட்டில்மேல் வைத்தோம். மாமனார் அறை வாசலில் நின்றுகொண்டு, “யாரும் ஃபேன் போடாதீங்க, மிக்சி போடாதீங்க” என்று மொத்த பஸ்ஸுக்கும் அறிவித்தார். பட்டனை அழுத்தினேன். திரையில் ஒரு கோடு மெல்ல நகர ஆரம்பித்தது. நாங்கள் நான்கு பேரும் கட்டிலைச் சுற்றி நின்று, ஆஸ்பத்திரியில் நிற்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கோடு பாதிக்கு மேல் போயிருக்கும். கரென்ட் போய்விட்டது.

“மாரியாத்தா” என்றார் கேபிள்காரர்.

அலமாரிக்குப் பின்னால் இன்வெர்ட்டர் கிர்ரென்று ஒரு சத்தம் போட்டது. அதன் பேட்டரியை மாற்றவேண்டும் என்று நான் சொல்லி, ‘பாக்கலாம்’ என்று பதில் வாங்கி வெகுகாலமாகிறது. பெட்டியின் பச்சை விளக்கு ஒருமுறை மங்கியது. மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். விளக்கு மறுபடி தெளிந்து, கோடு நகர்ந்தது. முடிந்தது என்று திரையில் வந்தபோது, மாமனார் தன்னையறியாமல் “போலாம் ரைட்” என்றார்.

மீதியைச் செய்வது சுலபம். கேபிள்காரர் தன் இணைப்பு விவரத்தைத் திரும்பப் போட்டுக் கொடுத்தார். வெளியிலிருந்து யாரும் பெட்டியின் உள்பக்கத்தைத் திறக்க வழிசெய்யும் வசதி ஒன்று இருந்தது. நேரில் வராமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லா வீட்டையும் சரிசெய்யலாம் என்று அவர்தான் முன்பு அதைத் திறந்து வைத்திருந்தார். அதை மூடினேன். “அக்கா, அப்ப நான் ஒவ்வொரு தடவையும் நேர்ல வரணுமே?” என்று வருத்தப்பட்டார். “வாங்க, காபி தரேன்” என்றார் மாமியார். வைஃபைக்கும் பெட்டிக்கும் வேறு வேறு புதுப் பாஸ்வேர்டு வைத்தோம். பெட்டியுடையதை மாமியாரே சொன்னார். நீளமாக, யாராலும் ஊகிக்க முடியாதபடி இருந்தது. அது என்ன என்று மாமனார் கேட்டதற்கு, “உங்களுக்கு எதுக்கு?” என்று நேரடியாக அவரிடமே சொன்னார். சண்டை முடிந்ததென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மன்னிப்பு என்று யாரும் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. ராத்திரி அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தார், அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே கேபிள்காரர், ஒரே பெட்டி, ஒரே பாஸ்வேர்டு. சொல்லிவிடுவது நல்லது என்று நான்கைந்து வீடுகளுக்குப் போனேன்.

“எங்க வீட்ல அந்த மாதிரிலாம் ஒண்ணும் வர்றதில்லமா” என்றார் ஒரு ரிட்டயர்டு வாத்தியார், நான் எந்த மாதிரி என்று சொல்வதற்கு முன்பே. அடுத்த வீட்டு அம்மா, “எங்க பையன் அப்படிப்பட்டவன் இல்ல” என்றார். அவருடைய பையனைப் பற்றி நான் பேச்சே எடுக்கவில்லை. இன்னொரு வீட்டில் வைஃபையே இல்லை என்றார்கள். அவர்கள் வைஃபையின் பெயர் என் போனில் கொழுகொழுவென்று தெரிந்துகொண்டிருந்தது. எங்கள் தெருவைப்போல் ஒழுக்கமான தெரு இந்தத் தாலுக்காவிலேயே இருக்காது.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். வாத்தியார் பழைய பேப்பர் கேட்டு வந்தார். பையனைப் பெற்ற அம்மா தயிர் உறைக்கு மோர் கேட்டு வந்து, மோரைக் கையில் வைத்துக்கொண்டே, “அந்தப் பொட்டிய ஊக்கு வெச்சி இன்னாமோ பண்ணியாமே?” என்றார். அவர் வீட்டில் பையனோடு யாரும் ஒரு மாதமாகப் பேசுவதில்லை என்பது அப்போதுதான் தெரியவந்தது. டெய்லரம்மா மட்டும் நேராக வந்து, நேராகக் கேட்டார். வெளிநாட்டிலிருக்கும் கணவருக்கு வீடியோ கால் போடும்போதெல்லாம் வேறு ஏதோ பக்கம் குறுக்கே வருகிறதாம். மாமியார் என்னையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். நான் பெட்டியைச் சரிசெய்து முடிக்கும்வரை, ஒரு கை வெட்டிய அந்த ஜாக்கெட் துணியை மடியில் வைத்துக்கொண்டு, “கழுத்து மட்டும் கொஞ்சம் எறக்கமா வெச்சிடும்மா” என்று பேசிக்கொண்டிருந்தார்.

கேபிள்காரர் இப்போது வீடு வீடாகப் போய்ப் பெட்டிகளைச் சரிசெய்கிறார். இந்த ஓட்டையைச் செஞ்சியில் முதலில் கண்டுபிடித்தது தான்தான் என்று சொல்லிக்கொள்கிறாராம். சொல்லிக்கொள்ளட்டும், வேலை நடக்கிறது. மாதம் ஒருமுறை புது மென்பொருள் வந்திருக்கிறதா என்று நான் பார்க்கிறேன். அதற்குப் பாஸ்வேர்டு வேண்டும். மாமியாரிடம் போய் நின்றால், எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, தானே ஒரு விரலால் அடித்துத் தருவார்.

ஒரு நாள் சாயங்காலம் மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். மாமனார் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ராஜகிரிக் கோட்டைமலைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

“ஏம்மா, ஒண்ணு கேக்கட்டா?” என்றார். அவருடைய குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை. “இந்த வயசுல, எனக்குன்னு ஒருத்தி செஞ்சில காத்துக்கினு இருப்பான்னு உங்கத்த நெசமாவே நம்புனாளா? இல்ல, சும்மா சண்ட போட்டாளா?”

“நெசமாவேதான் நம்புனாங்க மாமா. ஜாக்கெட்டையே திருப்பி வாங்கிட்டாங்களே.”

“ம்” என்றார். 

கீழேயிருந்து மாமியார் காபிக்குக் கூப்பிட்டார். “தோ வரேன்” என்று குரல் கொடுத்துவிட்டு, படியிறங்குவதற்கு முன்னால் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, இருக்கிற முடியைக் கையால் ஒருமுறை வாரிவிட்டுக்கொண்டார்.